வெள்ளிக்கலத்தின் தொடர்பு அதிகாரி

புதிய ‘வெள்ளிக்கலம்’ தொடரின் முதல் பகுதி வந்த சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு பத்துக்கு, கோவில்பட்டி டேங்க் காலனியில் சார்லஸ் சார் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி ஞானப்பூ டீச்சர், கேபிள் வந்த நாளிலிருந்து கொடிக்கயிறு கட்டுவதற்கு மட்டும் நின்றுகொண்டிருந்த பழைய ஆண்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இறங்குவதைப் பார்த்தார். இரட்டைச் சடை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, ஒற்றைக் காதில் ஹெட்போன், கக்கத்தில் ஒரு தடித்த நோட்டு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் இந்த மூன்றைத் தவிர வேறு நிறமே அவளிடம் இல்லை.

“மன்னிக்கவும். இது பூமிதானே?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா, டேங்க் காலனி. யாரப் பாக்கணும்? கால்ல செருப்பு இல்லாம நிக்கியே, தரை சுடும். மொதல்ல கீழ வா” என்றார் டீச்சர்.

கீழே ஹாலில் புதிய தொடரைப் பார்த்துக்கொண்டே அதைத் திட்டிக்கொண்டிருந்த ரிட்டயர்டு வாத்தியார் சார்லஸ் சார், படிக்கட்டில் இறங்கி வந்தவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். எழுபத்தெட்டு வயதில் அவர் யாருக்கும் எழுந்து நிற்பதில்லை. “நிறைமதி” என்றார். “வெள்ளிக்கலத்தின் தொடர்பு அதிகாரி நிறைமதி” என்று அவளே திருத்தி வணக்கம் சொன்னாள். பத்தே நிமிஷத்தில் காலனியில் நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் அந்த வாசலில் நின்றார்கள், நாற்பதைத் தாண்டாதவர்கள் “யாரு இந்தக்கா?” என்று கேட்டுத் திட்டு வாங்கினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் அந்தக் காலனியில் அறுபது வீட்டுக்கு ஒரே டிவி, அது சார்லஸ் சார் வீட்டுப் பதினாலு இஞ்ச் கறுப்பு வெள்ளைப் பெட்டி. சனிக்கிழமை ஆறிலிருந்து ஏழு மணி வரைக்கும் வெள்ளிக்கலம். வழி தவறி நட்சத்திரங்களுக்கு நடுவே போய்விட்ட ஒரு கப்பல் பூமிக்குத் திரும்பி வரப் பாடுபடுகிற கதை. இருபத்தாறு வாரம் ஓடியது. கப்பலை அட்டையில் செய்திருந்தார்கள், கேப்டனுக்குத் தொப்பை இருந்தது, ஆனால் அந்தத் தொப்பையோடுதான் அவர் எரிகற்களுக்கு நடுவே கப்பலை ஓட்டினார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மில் தொழிலாளிகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் முடிகிற நேரத்தில் நிறைமதி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “வெள்ளிக்கலம் அழைக்கிறது” என்று பூமியைக் கூப்பிடுவாள். பூமி பதில் சொல்லாது. காலனிப் பிள்ளைகள் அந்த வருத்தத்தோடுதான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

புதிய தொடரில் அவளுக்கு இடம் இல்லை. அதில் கப்பலே வாய் திறந்து பேசுகிறது, கேட்கிறது, பதில் சொல்கிறது, ஆளே தேவையில்லை. வேலை போய்விட்டது, வந்துவிட்டாள். வேலை போனவர்கள் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வருவது உலகத்தில் நடக்காததா என்ன என்று காலனி அதை அத்தோடு எடுத்துக்கொண்டது.

எங்கே தங்கவைப்பது என்று வந்தபோது எல்லோரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். செண்பகவல்லிக்கு நாற்பத்தொன்பது வயது, காலனி முக்கில் ஜாக்கெட் தைக்கும் கடை, கடைக்குப் பின்னால் ஒரு கட்டில், வீட்டில் அவளும் காலேஜ் படிக்கும் மகள் அபிநயாவும் மட்டும். புருஷன் திருப்பூரில் வேலை, மாசத்துக்கு ஒருதரம் வருவார். “பொம்பளப் பிள்ளை, ஒன்கூட இருந்துக்கிடட்டும்” என்றார் டீச்சர். செண்பகவல்லி சரி என்றாள். சார்லஸ் சார் வீட்டு மாடிக்கு ஏறுவதைத் தவிர வேறு என்ன சொன்னாலும் அவள் செய்வாள்.

முதல் இரண்டு வாரம் காலனிக்குத் திருவிழாதான். சாப்பாடு முறை வைத்துக்கொண்டு வந்தது. நிறைமதியின் தட்டில் விழுந்ததும் சாம்பார் சாம்பல் நிறமானது, மாம்பழம் சாம்பல் நிறமானது, தயிர்சாதம் மட்டும் இருந்தபடி இருந்தது, அதனால் அவளுக்குத் தயிர்சாதம்தான் பிடிக்கும் என்று காலனியே முடிவு செய்து தயிர்சாதமாகக் கொடுத்துத் தள்ளியது. செவ்வாய்க்கிழமை வைத்துவிட்ட குங்குமம் அவள் நெற்றியில் கறுப்புப் பொட்டாக நின்றது. அவளுடைய தோள்பட்டைக் கிழிசலைச் செண்பகவல்லி தைத்துக் கொடுத்தாள். என்ன நிற நூல் கோத்தாலும் துணியில் ஏறியதும் அது சரியாகப் பொருந்திவிட்டது. இருபத்தைந்து வருஷமாக மேட்சிங் நூலுக்கு அலைந்தவளுக்கு அதுதான் இந்த விவகாரத்திலேயே பெரிய அதிசயமாகப் பட்டது.

மூன்றாவது வாரம் மதுரையிலிருந்து பழைய வெள்ளிக்கல ரசிகர் வட்டம் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயது, எல்லோரும் ஒரே மாதிரி பனியன் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் நிறைமதியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது ஒரிஜினல் கிடையாது. நிறைமதி சட்டை காவி நிறம், காலர் பச்சை. இந்தா போட்டோ” என்றார்கள். வெள்ளிக்கலத்தைக் கலரில்தான் எடுத்தார்கள் என்பதே டேங்க் காலனிக்கு அன்றைக்குத்தான் தெரியும். பார்த்த பெட்டி கறுப்பு வெள்ளை; அவர்கள் பாட்டுக்கு விண்வெளியில் நிறம் இருக்காது என்று முப்பத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டு இருந்துவிட்டார்கள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“ஒங்க ஊர்ல காவி கட்டியிருந்தா ஒங்க ஊருக்கு அவ காவி கட்டிட்டு வருவா. எங்களுக்கு இப்பிடித்தான் தெரிஞ்சா, இப்பிடித்தான் வந்திருக்கா” என்று சார்லஸ் சார் பிரம்பு இல்லாத கையை ஓங்கினார்.

“எனக்கு அனுப்பப்பட்ட நிறம் இதுதான்” என்று நிறைமதியும் சொன்னாள். வேன்காரர்கள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு, பாதி மனதோடு ஊருக்குப் போனார்கள். படத்தில் அவர்கள் அத்தனை பேரும் கறுப்பு வெள்ளையாக விழுந்திருந்தார்கள்.

அவளைப் பராமரிப்பதில் ஒரே ஒரு சிரமம் இருந்தது. கரிசல் காட்டுக் காற்று அடித்தால் கம்பம் ஆடும், கம்பம் ஆடினால் நிறைமதியின் உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஓடும், பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். யாராவது மாடியில் ஏறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டால் தெளிவாகிவிடுவாள். அதனால் சமுதாயக்கூடத்துப் பலகையில் ஆளுக்கு அரைமணி நேரம் என்று முறை எழுதி ஒட்டினார்கள். அறுபது வீட்டிலும் ஆள் வந்தது. செண்பகவல்லி மட்டும் முழங்கால் வலி என்றாள். மாவு மில்லுக்கு ஒரு மைல் நடந்து போய்வருகிற முழங்கால் அது என்று எல்லோருக்கும் தெரியும், என்றாலும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கம்பத்தை முதலில் பிடித்தவன் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியுமே.

அவள் அண்ணன் திருமலைக்குமார்தான். எண்பத்தெட்டில் அவனுக்குப் பதினெட்டு வயது. கம்பத்தின் கிளாம்பு உடைந்துபோய், யாராவது பிடித்தால்தான் படம் நிற்கும் என்றானதும், “நான் பிடிக்கேன், நீங்க பாருங்க” என்று மாடிக்குப் போனவன் இருபத்தாறு வாரமும் அங்கேயே நின்றான். கீழே இருந்து பிள்ளைகள் “தெரியுது, தெரியுது, போச்சு, வந்துருச்சு” என்று கத்துவார்கள், அவன் அதற்கேற்பத் திருப்புவான். காலனியிலேயே வெள்ளிக்கலத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காதவன் அவன் ஒருத்தன்தான். தனியாக நிற்கிற அலுப்புக்குக் கம்பத்தோடு பேசிக்கொண்டிருப்பான் என்று பக்கத்து மாடிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

கடைசிப் பகுதி அன்றைக்கு, கப்பல் பூமியைப் பார்த்துத் திரும்புகிற நேரத்தில், மாடியிலிருந்து அவன் குரல் வந்தது. “ஏ, ஒரு நிமிசம் மேல வா” என்று தங்கச்சியைக் கூப்பிட்டான். பன்னிரண்டு வயது செண்பகவல்லி முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்காவது தான் பார்க்க வேண்டும், நீ வந்து பிடி என்கிறான் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், “முடியாது போ! கடைசி எபிசோடு!” என்று கத்தினாள். அவன் மறுபடி கூப்பிடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அவனைக் காணவில்லை. பம்பாயில் இருப்பதாக அப்பாவுக்கு ஒரு கார்டு வந்தது, அதற்கப்புறம் ஐந்து வருஷம் கழித்து, காய்ச்சலில் போய்விட்டான் என்று அவனோடு தங்கியிருந்தவன் போட்ட இன்னொரு கார்டு வந்தது. அப்பா கோபக்காரர், பரீட்சையில் கோட்டை விட்டான், அதனால் போனான் என்று ஊர் சொன்னது. நான் ஒரு நாள் மேலே போயிருந்தால் அவன் போயிருக்க மாட்டான் என்று செண்பகவல்லி சொல்லிக்கொண்டாள். அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

நான்காவது வாரம், ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரே நிறைமதி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அம்மையாரே, ஓர் உதவி. நான் பணியில் இருந்த காலத்தில் பூமியிலிருந்து எனக்கு ஒரே ஓர் இடத்திலிருந்துதான் குரல் வந்தது. இந்தக் கம்பத்திலிருந்து. ஓர் இளைஞர் இருபத்தாறு வாரம் பேசினார். பெரும்பாலும் தமக்குத் தாமே. கடைசியாகப் பேசியது மட்டும் ஒருவருக்கு அனுப்பிய செய்தி. அதை நான் இன்னும் ஒப்படைக்கவில்லை. அதற்காகத்தான் இறங்கி வந்தேன்.”

“யாருக்காம்?” என்றாள் செண்பகவல்லி. கை தைத்துக்கொண்டே இருந்தது.

“‘சுண்டு’ என்று ஒருவருக்கு. அப்படி இங்கே யாரும் உண்டா?”

உண்டு. அண்ணன் மட்டும்தான் அவளை அப்படிக் கூப்பிடுவான், அதுவும் வேறு யாரும் இல்லாதபோதுதான். அம்மாவுக்குத் தெரியும், அம்மா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. கடைசியாக அவன் பேசியது அந்தச் சனிக்கிழமை. அவள் முடியாது போ என்று கத்திய பிறகு அவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்து யோசித்து அவன் வாயால் தன்னை அவளே நூறு விதமாகத் திட்டி வைத்திருந்தாள். அதில் எதுவென்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

“அப்பிடி இங்க யாரும் இல்லம்மா” என்றாள்.

நிறைமதி நன்றி சொல்லிவிட்டு வீடு வீடாகப் போய்க் கேட்க ஆரம்பித்தாள். ஊர் ஆளாளுக்கு ஒரு சுண்டுவைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஒரு வீட்டு நாய்க்கு அந்தப் பெயர் இருந்தது; நாயின் முன்னால் மண்டியிட்டு அவள் மூன்று கேள்வி கேட்டுவிட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டு எழுந்தாள். வேலை என்றால் அவளுக்கு வேலைதான்.

இதற்கிடையில் புதிய தொடர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரி வரும் நேரம் போடுவதற்காக ஆரம்பித்த நலச்சங்கத்து வாட்ஸப் குரூப்பில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் ஓடியது. “கப்பல் அட்டைன்னாலும் அதுல உசுரு இருந்துச்சு, இப்ப கண்ணாடி மாளிகை மாதிரி இருக்கு, குடியிருக்க ஆள் இல்ல” என்று பெரியவர்கள் எழுதினார்கள். “பெரியப்பா, அந்தக் கப்பல்ல செலோடேப் ஒட்டுனது தெரியுது” என்று அபிநயா எழுதினாள். கேப்டனைப் பெண்ணாக மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு நாள் சண்டை, அந்தப் பெண் நன்றாகத்தான் ஓட்டுகிறாள் என்று மூன்றாம் நாள் சமாதானம். மளிகைக்கடைக்காரர், பழசைக் குறை சொல்பவர்கள் இங்கே நின்று பேச வேண்டாம் என்று போர்டு வைத்தார், வியாபாரம் படுத்ததும் எடுத்துவிட்டார்.

ஆறாவது வாரம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புதிய தொடரில் கேப்டன் தன் செத்துப்போன அம்மாவுக்கு எழுதுகிற கடிதம் ஒன்று வந்தது, அதைப் பார்த்துச் சார்லஸ் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்லாத்தான் எடுத்திருக்கானுக” என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். அந்த நிமிஷம் முறைக்காரன் மேலே கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான், காற்றும் இல்லை, ஆனாலும் நிறைமதியின் இடது கையில் புள்ளி ஓட ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை. அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு வீடாகப் புதிய கப்பலில் ஏறிக்கொள்ள, இங்கே இவள் ஒவ்வொரு விரலாக இரைச்சலில் போய்க்கொண்டிருந்தாள். காரணம் புரிந்ததும் காலனிக்கு உறுத்தியது. பிடித்திருந்தும் பிடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். வாயால் சொல்லி என்ன, உள்ளே பிடித்துவிட்டதே.

நிறைமதிக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவளும் அபிநயாவோடு உட்கார்ந்து புதியதைப் பார்த்தாள். “கப்பல் நன்றாக ஓடுகிறது. ஆட்குறைப்புதான் சற்று அதிகம்” என்றாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு சுண்டுவைத் தேடப் போனாள்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை, புதிய தொடரின் கடைசிப் பகுதி. டேங்க் மைதானத்தில் பெரிய திரை கட்டி, வாடகை நாற்காலி போட்டு, மத்தியானத்திலிருந்தே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். மாடி முறைக்குக்கூட அன்றைக்கு ஆள் இல்லை. ஐந்தரை மணிக்குச் செண்பகவல்லி கடையைப் பூட்ட வந்தபோது கட்டிலில் ஒரு சட்டையும் இரண்டு சடையும் ஒரு முகத்தின் ஓரமும் மட்டும் உட்கார்ந்திருந்தன. தோள்பட்டையில் அவள் போட்ட தையல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“இன்று மாலையோடு என் பணி முடிகிறது. ஒப்படைக்காத செய்தியை விதிப்படி அழித்துவிட வேண்டும்” என்று அந்த முகம் சொன்னது. குரலும் கரகரவென்று உடைந்தது. “முப்பத்தேழு ஆண்டுகள் அவர் குரலைக் காதில் வைத்திருந்தேன். அதை அழிக்கத்தான் மனம் வரவில்லை.”

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு செண்பகவல்லி நின்றாள். அண்ணனுடைய ஒரு போட்டோ அவளிடம் இருந்தது, ஒரு சட்டை இருந்தது, அவன் குரல் எப்படி இருக்கும் என்பது மட்டும் எப்போதோ மறந்து போயிருந்தது. எவ்வளவு முட்டினாலும் ஞாபகம் வராது. சில நாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து தேடியிருக்கிறாள். திட்டினால் திட்டட்டுமே, என்று நினைத்தாள். அந்தக் குரலில்தானே திட்டுவான்.

“நான்தாம்மா சுண்டு” என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. “பயத்துல பொய் சொல்லிட்டேன்.”

நிறைமதி கோபிக்கவில்லை. கை தெரியாமலே நோட்டில் நேரம் குறித்தாள். “அனுப்பிய இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். மாடிக்கு வருகிறீர்களா?”

பதினெட்டுப் படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒருதரம் நின்று, செண்பகவல்லி ஏறினாள். ஆறு மணி வெயில் மாடியில் இன்னும் கிடந்தது. மைதானத்தில் தொடர் ஆரம்பித்துக் கைதட்டல் எழுந்தது. கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் நிறைமதியின் புள்ளிகளெல்லாம் அடங்கி, முதல் நாள் இறங்கி வந்தவளாகவே முழுசாக எதிரே நின்றாள். “செய்தி தொடங்குகிறது” என்று வாய் திறந்தாள். வந்தது பதினெட்டு வயதுப் பையனின் குரல். கொஞ்சம் மூக்கால் பேசுகிற, பாதியிலேயே சிரித்துவிடுகிற குரல். இதையா மறந்தேன் என்று செண்பகவல்லிக்கு இருந்தது.

“ஏ சுண்டு. கூப்புட்டா வரமாட்டேங்கா பாரு, கழுத. வந்தா ஒன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போவோம்னு பாத்தேன். ஏழேகால் மெட்ராஸ் வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன், அங்கேர்ந்து பம்பாய். அப்பாகிட்ட சொன்னா காலை ஒடிச்சுப் போட்டுருவாரு. அம்மாகிட்ட சொன்னா அழுவா. ஒனக்குன்னா சொல்லலாம்னு நெனச்சேன். இங்கேர்ந்து பாத்தா டேசன் வெளக்கு நல்லாத் தெரியுது, அதையும் காட்டலாம்னுதான்.”

கொஞ்ச நேரம் காற்றின் சத்தம் மட்டும் வந்தது. அதற்குள்ளே, தூரத்தில், நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம்.

“கீழ என்ன இந்தக் கூப்பாடு போடுதுங்க? கப்பல் ஊரு வந்து சேந்துருச்சோ என்னமோ. சரி, நீ பாரு. முடியிற வரைக்கும் நான் பிடிச்சுக்கிடுதேன். இந்த வண்டி போனா அடுத்த வண்டி.”

அவ்வளவுதான் செய்தி. கப்பல் பூமியில் இறங்கிய அந்தக் கடைசிப் பகுதி ஒரு புள்ளி, ஒரு கோடு இல்லாமல் கண்ணாடி போலத் தெரிந்ததும், அப்படி ஒரு தெளிவை அந்தப் பெட்டியில் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்ததில்லை என்று சார்லஸ் சார் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததும் செண்பகவல்லிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையெழுத்து வாங்க வேண்டும் என்று நோட்டை நீட்டிய நிறைமதி, நீட்டியபடியே வெயிலில் கலைந்து போனாள்.

செண்பகவல்லி வாய்விட்டு அழுதாள். கீழே புதிய கப்பல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவள் பார்க்கவில்லை. கைதட்டல் ஓய்ந்து, நாற்காலி மடக்குகிற சத்தம் கேட்டு, “அம்மா, எங்க இருக்க?” என்று அபிநயா தெருவில் தேடிக்கொண்டு வரும் வரைக்கும் கம்பத்திலிருந்து அவள் கையை எடுக்கவும் இல்லை.